மேட்சுக்குப் போகும் வழியும் வீடு திரும்பும் வழியும்: ஹர்லிங் கேள்வி பதில்

அயர்லாந்தின் மட்டைப் பந்து விளையாட்டான ஹர்லிங்கில் லீக் முடியப் போகிறது, ஏப்ரல் பிற்பகுதியில் மன்ஸ்டர் (தெற்கு), லெய்ன்ஸ்டர் (கிழக்கு) மாகாணங்களின் சாம்பியன்ஷிப் ஆரம்பம். ஹர்லிங், பாட்காஸ்ட், மேட்சுக்குக் கார் ஓட்டிப் போவது, எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். கேள்விகள் நிறைய வந்துவிட்டன, முடிந்தவரை பதில் எழுதுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: அயர்லாந்துக்கு வந்து 14 வருடம் ஆகிறது, டிப்பரேரி கவுண்டியில் (மாவட்டம்) ஒரு சின்ன ஊரில் வீடு, அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் வேலை. மகன் ஊர் கிளப்பில் 12 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிறான்.

டப்ளினிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, ஸ்கோரைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. 3-27, 1-18 என்றால் யார் ஜெயித்தது?

முதல் எண் கோல், இரண்டாவது எண் பாயிண்ட், அவ்வளவுதான் தம்பி. குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. கம்பிக்கு மேலே இரண்டு தூண்களுக்கு நடுவில் பறந்தால் 1 புள்ளி. 3-27 என்றால் ஒன்பதும் இருபத்தேழும் சேர்த்து 36. 1-18 என்றால் 21. நீங்கள் கேட்டது 2025 அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தின் ஸ்கோர், டிப்பரேரி கார்க்கை 15 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அணிக்கு 15 பேர், 70 நிமிடம். இரண்டு மேட்ச் பார்த்தால் மனக்கணக்கு தானாக வந்துவிடும்.

கார்க்கிலிருந்து: அந்த இறுதி ஆட்டத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இந்த வருடமாவது எங்களுக்கு விடிவு உண்டா?

நான் டிப்பரேரிக்காரி, ஆனாலும் உங்கள் வலி புரிகிறது. 2005-க்குப் பிறகு கார்க் கோப்பையைத் தூக்கவில்லை, 2024 இறுதியில் கூடுதல் நேரம் வரை போய் கிளேரிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. 2025-இல் இடைவேளையில் 1-16க்கு 0-13 என்று ஆறு புள்ளி முன்னிலை. அதற்குப் பிறகு 35 நிமிடத்தில் அடித்தது வெறும் இரண்டு பாயிண்ட். டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் என் பக்கத்து இருக்கையில் கார்க்கின் சிவப்பு வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர், கடைசிப் பத்து நிமிடமும் ஆட்டத்தைப் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் ஜெயித்த சந்தோஷத்துக்கு நடுவிலும் அந்தக் கை மறக்கவில்லை.

ஆனால் அதே வருடம் லீக் பட்டம் கார்க்குக்கு, மன்ஸ்டர் பட்டமும் கார்க்குக்கு, அதுவும் லிமரிக்கை அவர்கள் மைதானத்திலேயே பெனால்டியில் வென்று. ஆட்கள் அப்படியேதான் இருக்கிறார்கள், இப்போது பொறுப்பில் இருப்பவர் 2004-இல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கிய பென் ஓ'கானர். ஒரு மோசமான அரை மணி நேரத்தை வைத்து அணியை எடை போடக் கூடாது என்பது என் கருத்து. டாரா மெக்கார்த்தியைப் பாருங்கள். 19 வயசுப் பையன், 2025 ஏப்ரலில் கார்க்குக்கு எதிராக ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினான், அரையிறுதியிலும் வெளியே அனுப்பப்பட்டான், அதே பையன்தான் இறுதியில் 1-13 அடித்தான். இந்த விளையாட்டில் மூன்று மாதத்தில் எதுவும் மாறும்.

லிமரிக்கிலிருந்து: வேலைக்குப் போகவர தினமும் ஒன்றரை மணி நேரம் கார்தான். ஹர்லிங்குக்கு எந்த பாட்காஸ்ட் கேட்கலாம்?

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் ஐரிஷ் எக்ஸாமினரின் 'டாலோஸ் ஹர்லிங் ஷோ'. அதை நடத்தும் 'டாலோ' என்கிற ஆன்டனி டேலி, 81 வருடம் காத்திருந்த கிளேருக்கு 1995-இல் கோப்பை வாங்கித் தந்த கேப்டன். ஒரு பந்து யார் கையிலிருந்து எப்படிக் கிளம்பியது, ஏன் அந்த இடத்தில் ஆள் இல்லாமல் போனது என்று அவர் சொல்லும்போது ஆட்டத்தை மறுபடி பார்த்த மாதிரி இருக்கும். முதலில் அந்த கிளேர் உச்சரிப்பு புரியாது. எனக்கும் இரண்டு மாதம் ஆனது, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக் கேளுங்கள். அப்புறம் ஐரிஷ் இண்டிபெண்டன்ட்டின் 'த த்ரோ இன்', அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ-யின் ஜிஏஏ (ஹர்லிங்கை நடத்தும் அமைப்பு) பாட்காஸ்ட். 'ஆஃப் த பால்' எல்லா விளையாட்டையும் பேசும், ஹர்லிங் பகுதியை மட்டும் தேடி எடுத்துக்கொள்ளலாம்.

அதே நண்பர்: ஓட்டும்போது கேட்பது தப்பில்லையே?

கேட்பது தப்பில்லை, போனைத் தொடுவதுதான் தப்பு. கையில் போன் பிடித்து மாட்டினால் 120 யூரோ அபராதம், 3 பெனால்டி பாயிண்ட். அபராதத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிற கார் ஒரு வினாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. அடுத்த எபிசோடைத் தேட மூன்று வினாடி கண்ணை எடுத்தால், க்ரோக் பார்க்கின் ஒரு பக்கத் தூணிலிருந்து பாதி மைதானத்துக்கும் கொஞ்சம் அதிகமான தூரத்தைப் பார்க்காமலே கடந்துவிட்டீர்கள். என் பழக்கம் இதுதான்: வீட்டிலேயே டவுன்லோட் செய்து, இரண்டு எபிசோட் வரிசையில் போட்டு, போனைப் பின்சீட்டில் இருக்கும் பைக்குள் வைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன். ஊருக்குள் நுழையும்போதும், மழையிலும், வழி தெரியாத ரவுண்டபவுட்டிலும் சத்தத்தை நிறுத்திவிடுவேன். டாலோ எங்கேயும் போய்விட மாட்டார்.

டப்ளினிலிருந்து: இந்திய லைசென்ஸ் இருக்கிறது, இப்போது லேர்னர் பெர்மிட்டும் எடுத்துவிட்டேன். தர்லஸுக்கு மேட்ச் பார்க்க ஓட்டிப் போகலாமா?

போக வேண்டாம். நம் ஊர் லைசென்ஸை இங்கே மாற்றித் தர மாட்டார்கள், இலங்கை லைசென்ஸும் அப்படித்தான். தியரி தேர்வு, பெர்மிட், கட்டாய வகுப்புகள், பிறகு டெஸ்ட். பெர்மிட்டில் ஓட்டும்போது குறைந்தது இரண்டு வருடம் முழு லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்படி உட்கார்ந்திருந்தாலும் மோட்டர்வேயில் ஏறக் கூடாது. தர்லஸுக்கு வழியே எம்7, எம்8 மோட்டர்வேதான். "ஊரில் பத்து வருடம் ஓட்டியவன்" என்பது இங்கே சட்டப்படி கணக்கில்லை, இன்சூரன்ஸ் சிக்கலும் வரும்.

ரயிலில் போங்கள், உண்மையிலேயே அதுதான் நல்லது. டப்ளின் கார்க் ரயில் தர்லஸில் நிற்கும், ஸ்டேஷனிலிருந்து செம்பிள் ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். நேரம் இருந்தால் லிபர்ட்டி ஸ்கொயர் பக்கம் ஒரு சுற்று போங்கள். 1884 நவம்பர் 1 அன்று ஜிஏஏ தொடங்கிய ஹேய்ஸ் ஹோட்டல் அங்கேதான் இருக்கிறது, மேட்ச் நாளில் அந்தச் சதுக்கம் முழுக்க நீலமும் பொன்னிறமும்.

நீனாவிலிருந்து: கிராமத்து ரோடு எல்லாம் 60 ஆக்கிவிட்டார்களே, பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தே கொல்கிறான். இது தேவையா?

தேவை. 2025 பிப்ரவரி 7 முதல் கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் பொது வேக வரம்பு 80-இலிருந்து 60 ஆனது. எனக்கு இது சொந்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு மே மாத மாலை, மகனைப் பயிற்சிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். கிளப் மைதானத்து வாசலில் இரண்டு பக்கமும் புல்லில் ஏற்றி நிறுத்திய கார்கள், நடுவில் ஒரு வண்டி போகிற இடம்தான். இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஸ்லிட்டர் உருண்டு வந்தது. வெள்ளைப் பந்து, தையல் வரம்பு தெரிகிற அளவுக்குப் பக்கத்தில். பிரேக்கை மிதித்தேன். பந்துக்குப் பின்னால் ஹர்லி மட்டையும், மட்டைக்குப் பின்னால் ஏழு வயசுப் பையனும் வந்தார்கள். அவன் என்னைப் பார்க்கவே இல்லை, குனிந்து மட்டையால் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவிட்டான். நான் அப்போது 30-இல் வந்தேன். 60-இல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அப்படி வருகிற பிள்ளைகளை ஸ்ட்ரெச்சரில் பார்க்கிற வேலை என்னுடையது.

ஹார்ன் அடிப்பவருக்கு அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழி விடுங்கள், அவருக்காக வேகத்தைக் கூட்டாதீர்கள். அப்புறம் உங்கள் பக்கத்து எம்7-இல் நீனாவுக்கும் பேர்ட்ஹில்லுக்கும் நடுவே சராசரி வேகத்தை அளக்கும் கேமரா இருக்கிறது. கேமராவைப் பார்த்துக் குறைத்து, தாண்டியதும் கூட்டுவது அங்கே பலிக்காது.

கில்கென்னியிலிருந்து ஒரு அம்மா: மகள் கமோகி (பெண்கள் ஆடும் ஹர்லிங்) சேரணும் என்கிறாள். மட்டையும் பந்தும் பார்த்தால் பயமாக இருக்கிறது.

சேர்த்துவிடுங்கள். முகக் கம்பியோடு சரியான அளவு ஹெல்மெட் வாங்குங்கள், அதில் எதையும் வெட்டவோ மாற்றவோ கூடாது. ஹர்லிங்கில் 2010 முதல் எல்லா நிலைக்கும் ஹெல்மெட் கட்டாயம். விரல் அடிபட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மறு மாதமே மைதானத்தில் நிற்பார்கள்.

வாட்டர்ஃபோர்டிலிருந்து: இந்த சீசனில் எந்த மேட்சைத் தவற விடக் கூடாது?

மன்ஸ்டரில் ஐந்து அணி, ஒவ்வொருவருக்கும் நான்கே ஆட்டம், முதல் மூன்று பேர்தான் மேலே போவார்கள். அதனால் இளைப்பாற ஒரு ஞாயிறு கூடக் கிடையாது, உங்கள் வாட்டர்ஃபோர்டுக்கு அது நன்றாகவே தெரியும். என் முதல் தேர்வு டிப்பரேரி கார்க். போன வருடம் கார்க்கில் நடந்தது, இந்த முறை தர்லஸின் முறை. லெய்ன்ஸ்டரில் டப்ளினைக் கவனியுங்கள்: 2025 காலிறுதியில் முதல் பாதியிலேயே ஒருவரை இழந்தும் லிமரிக்கை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நிலைப் போட்டியான ஜோ மெக்டோனா கோப்பையை வென்று கில்டேர் மேலே வந்திருக்கிறது, அவர்களின் சொந்த மைதான ஆட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

இறுதி ஆட்ட டிக்கெட் கேட்ட ஐந்து பேருக்கும் சேர்த்து: அது பெரும்பாலும் கிளப், கவுண்டி வழியாகத்தான் பிரியும். ஊர் கிளப்பில் இப்போதே உறுப்பினராகுங்கள்.

கால்வேயிலிருந்து: நாங்கள் நான்கு பேர் ஒரே கார். ஓட்டுகிறவனுக்கு இப்போதுதான் லைசென்ஸ் வந்தது. மேட்ச் முடிந்ததும் எல்லோரும் ஒரே ஒரு பைன்ட் பீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் பரவாயில்லையா?

ஓட்டுகிற தம்பிக்கு ஒரு வாய் கூட வேண்டாம். லைசென்ஸ் வாங்கி முதல் இரண்டு வருடம் 'N' தகடு (புது ஓட்டுநர் அடையாளம்) ஒட்டி ஓட்டுகிறவருக்கு மது வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 20 மில்லிகிராம், மற்ற பெரும்பாலானவர்களுக்கு 50. அவருக்கு 7 பாயிண்ட் சேர்ந்தாலே லைசென்ஸ் போய்விடும். டிப்பரேரியிலிருந்தோ டப்ளினிலிருந்தோ கால்வேக்குத் திரும்பும்போது மேற்கே ஓட்டுகிறீர்கள், மாலை வெயில் நேராகக் கண்ணில் விழும், கண்ணாடியை முன்பே துடைத்து வையுங்கள். மேட்ச் முடிந்ததும் எல்லோரையும் போல ஓடி வந்து காரை எடுக்காதீர்கள், முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடுங்கள், நெரிசலும் குறைந்துவிடும். முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். வீடு சேர்ந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், ஞாயிறு இரவு எனக்கு டியூட்டி, முழித்துத்தான் இருப்பேன்.