திங்கட்கிழமை வயிற்றுவலி

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பள்ளிக்கூடப் பயம் பற்றி வேலூர் வட்டாரத்தினர் கேட்டவற்றுக்குச் சிறப்பாசிரியர் ஒருவரின் பதில்கள்.

குடியாத்தம், ஒரு தாய்: ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குத் திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி. மருத்துவர் ஒன்றுமில்லை என்கிறார். நடிக்கிறானா, மேடம்?

பதில்: இல்லை அம்மா, வலி உண்மை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்குப் பதற்றக் கோளாறும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. "பயமாக இருக்கிறது" என்று சொல்ல வராத பிள்ளை வயிற்றைத்தான் தொட்டுக் காட்டும். திங்களன்று மட்டும் பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். பல பள்ளிகளில் அன்றுதான் காலைக் கூட்டம். நம் ஊர் வெயிலில் வரிசை, ஒலிபெருக்கி. என்னிடம் வந்த ஒரு சிறுமிக்கு, மைக் திடீரென்று எழுப்பும் 'கீச்' சத்தம்தான் எமன். சில வாரங்கள் கூட்டம் முடிந்தபின் வரவிட்டார்கள், வலி நின்றது. அதோடு விட்டுவிடவில்லை. முதலில் வராந்தாவின் கோடியில் நின்று பார்த்தாள், பிறகு வரிசையின் கடைசிக்கு வந்தாள். ஒரேயடியாகத் தவிர்த்துக்கொண்டே போனால் பயம் வேர்விட்டுவிடும்.

ஆற்காடு, ஓர் ஆசிரியை: என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு மாணவன், இரைச்சல் கூடினால் மேசைக்கடியில் ஒளிகிறான். இழுத்து உட்கார வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அவனுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான். அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், அறிவுரையும் வேண்டாம். மூலையில் ஒரு பாயைப் போட்டு, "இது உன் இடம்" என்று முன்கூட்டியே காட்டிவையுங்கள்.

காட்பாடி, ஒரு தாத்தா: பேரனுக்கு ரயில் என்றால் உயிர். ஆனால் பாடவேளை மாறினால் அலறுகிறான்.

பதில்: ஐயா, மருந்தைக் கையிலேயே வைத்திருக்கிறீர்கள்! ஓர் அட்டையில் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று நிலையங்களை எழுதுங்கள். காட்பாடி முதல் பாடவேளை, ஆம்பூர் மதியச் சாப்பாடு (பிரியாணி கேட்டால் நான் பொறுப்பல்ல), ஜோலார்பேட்டை வீட்டுக்குப் போகும் மணி. ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் துணிக்கிளிப்பை அவனே நகர்த்தட்டும். மாற்றம் வரும் நாளில், வகுப்பு தொடங்குமுன் 'தடம் மாற்றம்' என்ற சீட்டை அந்த இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். மாற்றத்தைவிட, சொல்லாமல் வரும் மாற்றம்தான் அவனை உலுக்குகிறது.

ஆம்பூர், ஒரு தந்தை: காலையில் மகனைப் பள்ளியில் விட்டதும், "சொல்லாமல் நழுவிவிடுங்கள், அழுது ஓய்வான்" என்கிறது பள்ளி. பாயும் அட்டையும் கேட்டால், "ஒருவனுக்காக முடியாது" என்கிறார்கள்.

பதில்: நழுவாதீர்கள். நாளைமுதல் உங்கள் கையை விடவே மாட்டான். "மூன்றரை மணி" என்பது அவனுக்குப் புரியாமல் போகலாம். "கடைசி மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் நிற்பேன்" என்று சொல்லுங்கள், சொன்ன இடத்திலேயே நில்லுங்கள். பள்ளியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியும் குழந்தையின் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும். கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.