கையில் 60,000 ரூபாய்: கடன் போட்டு ஸ்போர்ட்ஸ் பைக்கா, பழைய யூனிகார்னா?

கேள்வி: ஈரோட்டில் வேலை பார்க்கிறேன். தினமும் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து 14 கிலோமீட்டர் போய், அவருடைய ஆபீஸில் விட வேண்டும். அவருக்கு இடுப்பு வலி உண்டு. சேமிப்பு 60,000 ரூபாய். பழைய பைக் கடையில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் 1 லட்சம் சொல்கிறார்கள். மீதி 40,000-க்கு 12% வட்டியில் 2 வருடக் கடன் ஏற்பாடு செய்வார்களாம். எங்கள் தெருவில் ஒருவர் 2018 மாடல் ஹோண்டா யூனிகார்ன் 150-ஐ 48,000-க்குத் தருகிறார். எதை வாங்கலாம்?

பதில்: யூனிகார்ன் பக்கம் போங்கள். கடன் வேண்டாம்.

அந்த 12% ஃப்ளாட் வட்டியா என்று கேளுங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அப்படியென்றால் 2 வருடத்துக்கு வட்டி 9,600 ரூபாய், மாதத் தவணை சுமார் 2,067. மாதாமாதம் அசல் குறைந்தாலும் வட்டியைக் கடைசி வரை முழு 40,000-க்குப் போடுவார்கள். குறையும் அசலுக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 21 சதவீதத்தைத் தாண்டுகிறது. பழைய வண்டிக்கு இது அதிகம்.

அதைவிட எனக்குக் கவலை பின் சீட்தான். ஸ்போர்ட்ஸ் பைக்கில் அது பொதுவாகச் சின்னதாக, உயரமாக, முன்பக்கம் சரிந்து இருக்கும். பிரேக் பிடித்தால் பின்னால் இருப்பவர் உங்கள் முதுகில் வந்து மோதுவார், முழங்காலும் மடங்கியே இருக்கும். இடுப்பு வலியோடு தினமும் அதில் போக முடியாமல் சில மாதங்களில் வண்டியை விற்க நேர்ந்தால், அதற்குள் விலை இறங்கியிருக்கும், தவணை இறங்கியிருக்காது.

யூனிகார்னின் சீட் தட்டையானது, நீளமானது. ஷைன், பிளாட்டினா போன்றவற்றிலும் இருவர் தாராளமாக உட்காரலாம். ஆனால் எந்த வண்டியானாலும் மனைவியை அழைத்துப் போகாமல் முடிவு செய்யாதீர்கள். அவர் வழக்கமாக உடுத்தும் உடையில், வழக்கமாக உட்காரும் விதத்திலேயே உட்காரட்டும். இருவருமாக மேடு பள்ளமான ரோட்டில் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஸ்பீட் பிரேக்கரில் பின்பக்கம் 'டங்'கென்று இடித்தாலோ, ஷாக் அப்சர்பரில் எண்ணெய் கசிந்தாலோ அதை மாற்றியாக வேண்டும். மெக்கானிக்கிடம் செலவைக் கேட்டு 48,000-ல் கழித்துப் பேசுங்கள். பின்னால் கைப்பிடியும் சேலை கார்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இவை சட்டப்படியே இருக்க வேண்டியவை, சிலர் அழகுக்காகக் கழற்றிவிடுகிறார்கள்.

அப்புறம் பேப்பர். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு ஃபைனான்ஸ் பாக்கி, அபராத பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருந்தால், அங்கிருந்து ஆட்சேபமில்லை என்கிற என்.ஓ.சி.யும், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-ம் வராமல் பணம் கொடுக்காதீர்கள். "ஓட்டிட்டு இருங்க, பேரை அப்புறம் மாத்திக்கலாம்" என்பார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிய அன்றைக்கே பெயர் மாற்றத்தைத் தொடங்கிவிடுங்கள். ஆர்.சி. 15 வருடம் செல்லும் என்பதால் 2018 வண்டிக்கு 2033 வரை கவலையில்லை.

இன்ஷூரன்ஸில் ஒரு விஷயம். 2018 செப்டம்பர் முதல் விற்ற புது வண்டிகளுக்கு 5 வருட மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயமானது. இந்த வண்டி அதற்குப் பின் வாங்கியதென்றால் அந்தக் காப்பீடு எப்போதோ முடிந்திருக்கும். நிறைய பேர் அதைப் புதுப்பிப்பதே இல்லை, அதனால் தேதியைக் கண்ணால் பாருங்கள். 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 75 சிசிக்கு மேல் 150 சிசி வரையிலான வண்டிக்கு இந்தக் காப்பீடு வருடம் 714 ரூபாய், வரி தனி. யூனிகார்ன் 150 அதற்குள் அடங்கிவிடும். விற்பவரிடம் முழுக் காப்பீடு இருந்தால் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அவருடைய நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் செய்யாததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி, உங்களுக்கு வராது.

மிச்சமிருக்கும் 12,000 பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், ஆயில், தேவைப்பட்டால் பின் டயர், செயின் செட் ஆகியவற்றுக்கு. அதிலிருந்தே மனைவிக்கு அளவான, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.