ஏழாம் மாதமே வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. முதல் குழந்தை, இப்போது 20-ஆவது வாரம். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 6 வருடமாக இருக்கிறேன். உட்கார்ந்து பார்க்கும் வேலைதான். ஆனால் போக வர தினமும் மூன்று மணி நேரம் பயணம். ஏழாம் மாதம் முடிந்ததும் ராஜினாமா செய்துவிட்டு, குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை வீட்டில் இருக்க ஆசைப்படுகிறேன். 'எதுக்கு இன்னும் அலையணும், இப்பவே விட்டுடு' என்கிறார் மாமியார். கணவர் முடிவை என்னிடமே விட்டுவிட்டார். வீட்டுக் கடன் இருக்கிறது. மறுபடி இதே ஆபீசுக்குத் திரும்புவேனா என்று தெரியவில்லை. அப்படியிருக்க மகப்பேறு விடுப்பு கேட்பது சரியா என்ற உறுத்தலும் இருக்கிறது. வரவு செலவு விவரம் இணைத்திருக்கிறேன். எப்போது நிறுத்துவது?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு தேதிகள் கலந்து கிடக்கின்றன. ஆபீசுக்குப் போவதை எப்போது நிறுத்துவது என்பது ஒன்று. வேலையை எப்போது விடுவது என்பது இன்னொன்று. முதல் தேதியை உங்கள் உடம்பும் மருத்துவரும் சொல்வார்கள். இரண்டாவதை இப்போது குறிக்கவே வேண்டாம். பிரசவத்துக்கு முன்னால் ராஜினாமா கடிதம் கொடுக்காதீர்கள்.

மாமியார் சொல்வதில் அக்கறை இருக்கிறது, கணக்கு இல்லை. அதைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தொகைகளை அப்படியே வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். அதனால் உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 100 என்று வைத்துக்கொள்கிறேன். அதில் கணவருடையது 55, உங்களுடையது 45. வீட்டுக் கடன் தவணைக்கு 28, குடும்பச் செலவுக்கு 40 போக, மிச்சம் 32 சேமிப்பு. வங்கியில் 240 இருக்கிறது. அதில் 60-ஐப் பிரசவத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆக, கைவசம் 180.

நீங்கள் நின்றுவிட்டால் வரவு 55 மட்டும். பயணம், ஆபீஸ் நாட்களில் வெளிச்சாப்பாடு என்று உங்கள் பட்டியலிலேயே இருக்கும் 5 குறையும் என்பதால் மொத்தச் செலவு 68-லிருந்து 63 ஆகும். குழந்தை பிறந்ததும் டயப்பர், தடுப்பூசி, டாக்டர் என்று 9 கூடும் என எடுத்துக்கொள்வோம்; 72. ஆக, பிரசவம் வரை மாதம் 8 துண்டு விழும். அதற்குப் பிறகு மாதம் 17. குழந்தையோடு வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் நீங்கள் கொடுக்கும் விலை இந்த 17.

இப்போது நீங்கள் நினைத்தபடி 30-ஆவது வாரத்தில் ராஜினாமா செய்தால்? அதுவரை இன்னும் 74 சேரும். பிரசவம் வரையிலான 10 வாரத்தில் 18 கரையும். குழந்தை பிறக்கும் நாளில் கையில் 236. அதில் 100-ஐ அவசரத்துக்கென்று தொடாமல் வையுங்கள். கணவர் சம்பளம் ஏதோ காரணத்தால் நின்றுபோனால் அது மூன்றரை மாதத் தவணைக்குத்தான் காணும், அதற்குக் கீழே போக நான் சம்மதிக்க மாட்டேன். மீதி 136. மாதம் 17 வீதம் எடுத்தால் 8 மாதம்! குழந்தை தவழத் தொடங்கும் வயதில் நீங்கள் வேலை தேடத் தொடங்கியிருக்க வேண்டும்.

அதே நீங்கள் 38-ஆவது வாரம் வரை போய், ராஜினாமாவுக்குப் பதில் மகப்பேறு விடுப்பில் போனால்? சேமிப்பில் 133 சேரும். கடைசி இரண்டு வாரத்துக்கு 4 கழித்தால் 309. விடுப்புச் சம்பளத்துக்கு ஒரு அடிமட்ட அளவை எடுத்துக்கொள்கிறேன்: சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்லும் 14 வாரம், மூன்றில் இரண்டு பங்கு சம்பளம். அது 97. மொத்தம் 406. அவசர நிதி 100 போக 306. மாதம் 17 வீதம் 18 மாதம்.

8 வாரம் கூடுதலாக வேலைக்குப் போனதில், குழந்தையோடு இருக்க 10 மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. பயணச் செலவு போக உங்கள் ஒரு மாதச் சம்பளம் 40. அது வீட்டில் இருக்கும் இரண்டே கால் மாதத்துக்கு ஈடு. விடுப்புச் சம்பளமும் சேரும்போது இடைவெளி இன்னும் விரிகிறது.

நீங்கள் கேட்டது 24 மாதம். மீதி 6 மாதத்துக்கு என்ன வழி? குடும்பச் செலவில் மாதம் 4 குறைக்க முடிந்தால் 17 என்பது 13 ஆகும், 306 கிட்டத்தட்ட இரண்டு வருடத்துக்கு நீளும். இதைக் குழந்தை பிறந்தபின் சோதிக்காதீர்கள். அடுத்த சம்பளத்திலிருந்தே உங்கள் 45-ல் 36-ஐ வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தில் குடும்பம் நடத்திப் பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று மூன்றாவது மாதத்துக்குள் தெரிந்துவிடும். இன்னொன்று: உங்கள் இணைப்பின் கடைசி வரியில், வருட போனஸ் 33-ஆவது வாரம் வாக்கில் வரும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பணம் வரும் தேதியில் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே போனஸ் என்பது பல நிறுவனங்களில் விதி. மேலே உள்ள கணக்கில் அதை நான் சேர்க்கவே இல்லை.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கணக்கு அதைப் பொறுத்து நிறைய மாறும். இந்தியா என்றால், சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதில் பிரசவத்துக்கு முன் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 8 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். அப்படியானால் மேலே 97 என்று போட்ட இடத்தில் சுமார் 270 வரும், செலவைக் குறைக்காமலே உங்கள் இரண்டு வருடம் தாண்டிவிடும். பிரிட்டனில் விடுப்பை 11 வாரம் முன்பே தொடங்கலாம். ஊதியம் 39 வாரத்துக்கு, அதில் முதல் 6 வாரம் சராசரி சம்பளத்தில் 90 சதவீதம். ஆனால் குழந்தை பிறக்கவேண்டிய வாரத்துக்கு 15 வாரம் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். உங்களுக்கு அது இன்னும் ஐந்தே வாரத்தில் வருகிறது. சிங்கப்பூரில் 16 வாரம். வேறு ஏற்பாடு பேசிக்கொள்ளாவிட்டால் முன்னால் 4, பின்னால் 12. மலேசியாவில் 2023 முதல் 98 நாள், பிரசவத்துக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாகத் தொடங்க முடியாது. கனடாவில் கியூபெக் தவிர்த்த இடங்களில் 12 வாரம் முன்பே தொடங்கலாம், ஆனால் தாய்க்கான பணம் மொத்தமே 15 வாரம்தான் (பெற்றோர் விடுப்புப் பணம் தனி). அமெரிக்காவில் மத்தியச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல்.

இதில் பெரும்பாலான இடங்களில் மொத்த வாரங்கள் மாறாதவை. முன்னால் எடுக்கும் ஒவ்வொரு வாரமும் பின்னால் குறைகிறது. அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜெர்மனி ஒரு விதிவிலக்கு: பிரசவத்துக்கு முந்தைய 6 வாரம் தனி ஒதுக்கீடு, குழந்தை சீக்கிரம் வந்துவிட்டால் எடுக்காத நாட்கள் பின்னால் சேர்த்துக்கொள்ளப்படும். அங்கே இழுத்துப் பிடித்து வேலை பார்ப்பதில் லாபம் குறைவு.

அடுத்து, பலரும் கவனிக்காத ஒரு பொறி. விடுப்புச் சம்பளம் பல நாடுகளில் அதற்கு முந்தைய சில மாதங்களின் சராசரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. இந்தியாவில் விடுப்புக்கு முந்தைய 3 மாதம்; பிரிட்டனில், குழந்தை பிறக்கவேண்டிய வாரத்துக்கு 15 வாரம் முன்போடு முடியும் சுமார் 8 வாரம்; ஜெர்மனியில் பெற்றோர் உதவித்தொகைக்கு 12 மாதம். களைப்பாக இருக்கிறது என்று அந்த நாட்களில் அரை நாள் வேலைக்கு மாறினாலோ சம்பளமில்லா விடுப்பு எடுத்தாலோ, அந்த மாதத்துச் சம்பளத்தோடு நிற்காமல் விடுப்புச் சம்பளமும் குறைய வாய்ப்புண்டு. கையெழுத்துப் போடும் முன் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். கையில் மிச்சமிருக்கும் சம்பளத்தோடு கூடிய விடுமுறைகளைப் பயன்படுத்துவது பெரும்பாலும் இதைவிட மேல்: 34-ஆவது வாரத்திலிருந்து புதன்கிழமை தோறும் லீவு போட்டால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயணம் இருக்காது.

அந்த மூன்று மணி நேரப் பயணம்தான் உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல். சிக்கலில்லாத கர்ப்பத்தில் மேஜை வேலையைக் கடைசி வாரங்கள் வரை பார்ப்பவர்கள் நிறைய. பஸ்ஸிலோ ரயிலிலோ நின்றுகொண்டு போவது வேறு. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை, நெரிசல் இல்லாத நேரத்தில் வந்து போவது, இவற்றை இப்போதே எழுத்தில் கேளுங்கள். 32-ஆவது வாரத்தில் முடியாமல் போய்க் கேட்பதைவிட 20-ஆவது வாரத்தில் கேட்பது எளிது. வாடகைக் கார்தான் வழி என்றாலும் கணக்கைப் பாருங்கள்: மாதம் 10 அதற்கே போனாலும் மிச்சம் 30, அதுவும் வீட்டில் ஒன்றே முக்கால் மாதத்துக்கு ஈடு. இரத்த அழுத்தம், இரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழிறங்கி இருப்பது என்று மருத்துவர் ஏதாவது சொன்னால் இந்தக் கணக்கெல்லாம் குப்பைக்கு. அன்றே நில்லுங்கள். அப்போதும் ராஜினாமா வேண்டாம், மருத்துவச் சான்றிதழோடு விடுப்பு. பிரிட்டனில் மட்டும், கடைசி 4 வாரத்துக்குள் கர்ப்பம் தொடர்பான உடல்நலக் குறைவுக்காக லீவு போட்டால் மகப்பேறு விடுப்பு தானாகவே தொடங்கிவிடும்.

38 என்று சொன்னது கல்வெட்டு அல்ல. குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது. 37 முதல் 42 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். உலக அளவில் பத்தில் ஒரு குழந்தை 37-க்கு முன்பே பிறந்துவிடுகிறது. ஆகவே விடுப்பு 38-ல் தொடங்கட்டும், வேலை ஒப்படைப்பு 35-க்குள் முடியட்டும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, மாத இறுதிக் கணக்கை யார் முடிப்பது என்று எழுதி வைத்துவிட்டால், மறுநாள் வர முடியாமல் போனாலும் ஆபீஸிலிருந்து பிரசவ வார்டுக்கு போன் வராது.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. வேலை வழியாகக் குரூப் இன்ஷூரன்ஸ் இருந்தால், பொதுவாகக் கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிடும். தனியாகப் புதிய பாலிசி எடுத்தாலும் ஏற்கனவே உள்ள கர்ப்பத்துக்கு அது உதவுவது அரிது, பிரசவத்துக்கென்று காத்திருப்புக் காலம் இருக்கும். நீங்கள் ஒதுக்கிய 60 சுகப்பிரசவத்துக்குப் போதலாம். குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வாரம் இருக்க நேர்ந்தால் போதாது. 30-ஆவது வாரத்தில் ராஜினாமா செய்ய வேண்டாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். கணவரின் காப்பீட்டில் உங்கள் பெயரும், பிறந்த நாள் முதல் குழந்தையும் சேருமா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைச் சம்பளத்தில் கடனோடு இரண்டு வருடம் என்றால் கணவர் பெயரில் டெர்ம் இன்ஷூரன்ஸ் (அவர் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு) இருந்தே ஆக வேண்டும், குறைந்தது கடன் தொகைக்காவது. அந்த மாதங்களில் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு மாதாமாதம் ஒரு தொகை தானாக வந்து விழட்டும். ஐம்பதுக்கும் நூறுக்கும் கணக்குச் சொல்லிக் கேட்கும் நிலை வந்தபின் நல்ல தம்பதிகள்கூட உரசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

உறுத்தல் விஷயம். திரும்பப் போவீர்களா என்று உங்களுக்கே தெரியாது என்கிறீர்கள். தெரியாததை எப்படி மறைக்க முடியும்? 6 வருடம் உழைத்தவருக்குச் சட்டம் தரும் உரிமையை யாரும் சலுகையாகப் பார்க்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்த நாலாவது மாதத்தில் ஆபீஸ் நினைவே வராதவர்களும் உண்டு, எப்போது திரும்பலாம் என்று நாள் எண்ணுபவர்களும் உண்டு. நீங்கள் யார் என்று அப்போதுதான் தெரியும். விடுப்பு முடியும் தறுவாயில் விட முடிவெடுத்தால், முறையாக நோட்டீஸ் கொடுத்து விலகுங்கள். ஒன்றை மட்டும் ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள்: சட்டம் சொல்வதற்கு மேல் நிறுவனம் தன் விருப்பத்தில் கூடுதலாகத் தரும் மகப்பேறு ஊதியத்தை, வேலைக்குத் திரும்பி வராவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சில இடங்களில் நிபந்தனை இருக்கும். இருந்தால் அந்தக் கூடுதல் தொகையைச் செலவழிக்காமல் தனியே வையுங்கள்.

'பிறகு வந்துவிடுவீர்கள்தானே?' என்று மேலாளர் கேட்டால், 'விடுப்பு முடியும் தேதி இது, அதற்கு முன் உறுதி செய்கிறேன்' என்பது போதும். விடுப்புத் தொடக்கம், சம்பளக் கணக்கீடு, போனஸ், காப்பீடு, நோட்டீஸ் பீரியட் ஆகிய ஐந்தையும் இந்த வாரமே ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்வார்த்தையாகப் பதில் சொன்னால், 'நாம் பேசியபடி' என்று ஆரம்பித்து நீங்களே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.