நானோ வைட்டமின் வாங்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வைட்டமின் டி குறைவு. டாக்டர் வாரம் ஒரு 60,000 யூனிட் பவுடர் பாக்கெட் எழுதியிருக்கிறார். மெடிக்கலிலோ, "நானோ மருந்து பாட்டிலில் வருது, நல்லா உடம்புல சேரும்" என்கிறார்கள். விலை அதிகம். வாங்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: நானோ என்பது பொய் இல்லை. ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்பில்தான் கரையும், குடலுக்குள்ளோ எல்லாம் தண்ணீர்மயம், அதனால் பித்தநீர் வந்து எண்ணெயைத் துளித்துளியாக உடைத்து, கணையநீர் அதைச் செரித்த பிறகுதான் வைட்டமின் குடல்சுவருக்குள் போகிறது. நானோ எமல்ஷன் என்கிற இந்தப் பாட்டில் மருந்தில் அந்த உடைக்கிற வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்துவிடுகிறார்கள். துளி பெரும்பாலும் 200 நானோமீட்டருக்குள் இருக்கும். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். துளி சின்னதானால் செரிமான நீர் படுகிற பரப்பு கூடும், செரிமானமும் வேகமாக நடக்கும்.

ஆனால் இது யாருக்குத் தேவை? பித்தநீர் சரியாக இறங்காதவர்கள், கணையக் கோளாறு உள்ளவர்கள், குடலில் ஆபரேஷன் ஆனவர்கள், இவர்களுக்கு டாக்டரே யோசித்து எழுதுவார். அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லையென்றால் பாக்கெட்டே போதும், வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் வைட்டமின் டி-யின் ஒரு வகையான டி3-யை 50,000 யூனிட் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தவர்களுக்கு, கொழுப்பே இல்லாத சாப்பாட்டோடு எடுத்தவர்களைவிட ரத்தத்தில் சுமார் 32 சதவீதம் கூடுதலாக ஏறியது. மதியம் களியும் கீரைக் கடைசலும் சாப்பிடும்போது கடைசலில் ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய் விடுங்கள், கூடவே ஒரு முட்டை, அப்புறம் மருந்து.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். நானோ பாட்டில் பலவற்றிலும் ஒரே வேளைக்கான 60,000 யூனிட் இருக்கிறது. பாக்கெட்டும் பாட்டிலும் சேர்த்துக் கொடுப்பது, வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று நினைத்துக்கொள்வது, இரண்டுமே ஆபத்து. மிஞ்சிய டி சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் தங்கும். அதிகமானால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம் என்று ஆரம்பித்துச் சிறுநீரகம் வரை கெடும்.

கேள்வி: மாம்பழ ஜூஸ் மட்டும் குடித்தால் வைட்டமின் ஏ கிடைக்குமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கிடைக்கும், கொஞ்சமாக. பெங்களூரா மாம்பழத்தின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின்தான் உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறுகிறது, அதுவும் கொழுப்பில் கரைவதுதான். சாப்பிட்ட கையோடு குடியுங்கள், அல்லது பால் சேர்த்து அடியுங்கள். பாலில் கொழுப்பு ஏற்கெனவே பொடித் துளிகளாகத்தான் இருக்கிறது. ஆடையை எடுத்துவிடாதீர்கள்.