கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பையன்

கேள்வி: போன கச்சான் காற்றில் எங்கள் தெருவில் ஓர் ஓலை வீடு எரிந்துபோனது. தீயணைப்பு வண்டியிலிருந்து முகமூடியோடு இறங்கியவரைப் பார்த்து என் 5 வயது மகன் அலறி, வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டான். 'சேட்டை செய்தால் தீ வண்டிக்காரர் பிடித்துப் போவார்' என்று அவன் அப்பத்தா வேறு மிரட்டுகிறார். தீயைப் பற்றி இவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அப்பத்தாவிடம் பேசுங்கள். அந்த மிரட்டல் இன்றோடு நிற்க வேண்டும். தீப்பிடித்தால் சின்னப் பிள்ளைகள் பல சமயம் வெளியே ஓடுவதில்லை. கட்டிலுக்கு அடியிலோ பீரோ சந்திலோ பதுங்கிவிடுகிறார்கள். காப்பாற்ற வந்தவர் கூப்பிட்டாலும் பயத்தில் மூச்சுக்காட்டுவதில்லை. உங்கள் மகன் ஒளிந்ததைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது அதனால்தான்.

முகமூடி எதற்கு என்று அவனுக்குப் புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். சங்கு குளிக்கிறவர் முகக்கண்ணாடி மாட்டுகிறாரே, அதுபோல இவர் புகைக்குள் முங்கப் போகிறவர். முதுகில் இருக்கும் சிலிண்டரில் நல்ல காற்று இருக்கிறது, 'புஸ் புஸ்' என்பது அவர் மூச்சு என்று சொல்லுங்கள். அவன் கண்முன்னாலேயே அப்பா முகத்தில் துண்டைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டட்டும். உள்ளே இருப்பது அப்பாதான் என்று பையன் தொட்டுப் பார்க்கட்டும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் அதே ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது, தீயணைக்கப் போன 66 வீரர்கள் உயிர்விட்டார்கள். அந்த வாரத்தில் செயல்விளக்கம் நடக்கும். ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். ராமேஸ்வரம் தீயணைப்பு நிலையத்தில் அனுமதி கேட்டு, ஒருநாள் கூட்டிப்போய் அந்த அண்ணன்களிடம் பேச விடுங்கள்.

வீட்டில் நண்டு விளையாட்டு விளையாடுங்கள். புகை மேலே ஏறும், தரையோரம்தான் மூச்சுவிட முடியும். எனவே கண்ணை மூடிக்கொண்டு, கட்டிலிலிருந்து வாசல்வரை நண்டு மாதிரித் தாழ்ந்தே போக வேண்டும். வெளியே வந்து எந்த மரத்தடியில் நிற்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பூனைக்குட்டிக்காகக்கூட மறுபடி உள்ளே போகக் கூடாது. வெளியே வர வழியில்லை என்றால் ஒளியாமல், "நான் இங்கே இருக்கேன்" என்று கத்த வேண்டும். இதைத் தினமும் கத்திப் பழகட்டும், தெருவே கேட்டாலும் பரவாயில்லை. 101 என்ற எண்ணையும் பாட்டுப்போலச் சொல்லிக்கொடுங்கள்.

தீப்பெட்டி விஷயத்தில் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள். அதை எட்டாத உயரத்தில் வைப்பது பெரியவர்கள் பொறுப்பு. கீழே கிடந்தால் தொடாமல் வந்து சொல்ல அவனைப் பழக்குங்கள். உங்கள் அடுப்படியும் ஓலைக் கூரையா? 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த பள்ளியின் கூரையும் கீற்றுதான். வள்ளத்து டீசல் கேனை அடுப்புப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம். கச்சான் அடிக்கும் நாளில் விறகடுப்பை முழுதாக அணைத்து, தண்ணீர் தெளித்துவிட்டே படுங்கள்.

சுட்டுவிட்டால் பேஸ்ட், மை, இட்லி மாவு எதுவும் பூசாதீர்கள். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு, சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.