கோடையில் ஒரு நாள் பயணம்: இடத்துக்கு முன்னால் நேரத்தை முடிவு செய்யுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு நான்கு. மாமியாருக்கு 68 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். என் கணவருக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. கோடை விடுமுறையில் வாராவாரம் எங்காவது போய்வர ஆசை. ஆனால் காலை 9 மணிக்குக் கிளம்பி, மூன்று மணி நேரம் காரில் போய் இறங்கும்போது உச்சி வெயில். சின்னவன் அழ ஆரம்பித்துவிடுகிறான். அத்தை தலைசுற்றுகிறது என்று உட்கார்ந்துவிடுகிறார். ராத்திரி திரும்பி வரும்போது யாரும் யாரிடமும் பேசுவதில்லை. கோடை முடியும்வரை இதை நிறுத்திவிடலாமா, அல்லது வேறு மாதிரி திட்டமிட முடியுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஓடியாட வெட்டவெளி வேண்டும். பெரியவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாளாவது வேறு காற்று வேண்டும். நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது இரண்டு விஷயங்கள்: 9 மணிக்குக் கிளம்புவது, மூன்று மணி நேரம் காரில் போவது. இந்த இரண்டையும் மாற்றினால் மற்றவற்றில் பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும்.

பொதுவாக நாம் முதலில் இடத்தைத்தான் பிடிக்கிறோம். அப்புறம் அதற்கு ஏற்றபடி நேரத்தைத் தள்ளுகிறோம். கோடையில் முதலில் நேரத்தை முடிவு செய்யுங்கள். அந்த நேரத்துக்குள் எந்த இடம் அடங்குகிறதோ அங்கே போங்கள்.

காரணம் இதுதான். சூரியன் தலைக்கு மேல் நிற்பது நடுப்பகலில். தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்கள் அந்த நேரத்தை ஒட்டித்தான் மிகக் கடுமையாக இருக்கும். ஆனால் காற்றின் சூடு அப்போது உச்சத்தைத் தொடுவதில்லை. தரை வெயிலை வாங்கிச் சூடாகி, பிறகுதான் காற்றைச் சூடாக்குகிறது. அதனால் காற்று மிகவும் கொதிப்பது பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை. ‘வெயில் தாழ்ந்துவிட்டது, இனி இறங்கி நடக்கலாம்’ என்று 3 மணிக்கு வெளியே வருபவர்கள் அந்தச் சூட்டில்தான் கால் வைக்கிறார்கள். ஒரு நாளில் காற்று மிகவும் குளிர்ந்திருப்பது சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டி. நீங்கள் 9 மணிக்குக் கிளம்பும்போது அந்த நல்ல நேரம் முழுவதும் வீட்டிலேயே கழிந்திருக்கும்.

ஆகவே காலை 5.30 மணிக்குக் கிளம்புங்கள். போகும் தூரம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இருக்கட்டும். 7 மணிக்கு இடத்தில் இருப்பீர்கள். 10.30 மணி வரை தாராளமாக மூன்றரை மணி நேரம் கிடைக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது போதுமான நேரம். அதற்கு மேல் அவன் உற்சாகமாக இருக்க மாட்டான். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம், அல்லது குளிர்ந்த கூரைக்குக் கீழே வேறு எங்காவது இருக்கலாம். இவ்வளவு சீக்கிரம் கிளம்ப முடியுமா என்று யோசிப்பீர்கள். முதல் நாள் இரவே பைகளைக் கட்டி, உடைகளை எடுத்து வைத்து, தண்ணீர் பாட்டில்களை நிரப்பிவிட்டால் முடியும். சின்னவனை எழுப்பக்கூட வேண்டாம். தூக்கத்தோடு தூக்கிக் காரில் அவனுடைய இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்தால், இறங்கும்போதுதான் விழிப்பான். காலை உணவைப் போன இடத்தில் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே பாதிக் கொண்டாட்டம்.

வெயிலின் கடுமையை அறியக் கருவி எதுவும் வேண்டாம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் கதிர்கள் கடுமையாகிவிட்டன என்று பொருள். இந்த வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள். நிழல் குட்டையானதும் அவளே எல்லோரையும் மரத்தடிக்கு விரட்டுவாள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பயணத்தில் ஒரு பொறுப்பு இருந்தால் முணுமுணுப்பு நிறையக் குறையும். வழி பார்ப்பது, எந்த இடத்துக்கு முதலில் போவது என்று தீர்மானிப்பது, இவற்றில் ஒன்றையும் அவளுக்கே விடலாம்.

இப்போது உங்கள் அத்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குடும்பத்தில் வெயிலால் அதிக ஆபத்து அவருக்குத்தான். வயது ஏற ஏற உடலில் நீர் குறைந்தாலும் தாகம் எடுப்பது குறைந்துவிடுகிறது. வியர்வையும் முன்போல் சுரப்பதில்லை. பி.பி.க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாக வெளியேற்றுபவை. இவையெல்லாம் சேரும்போது எழுந்து நின்றால் தலைசுற்றுவதில் வியப்பில்லை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ நேரத்தை மாற்றவோ கூடாது. கோடை தொடங்கும்போதே அவருடைய மருத்துவரிடம், ‘வெயிலில் வெளியே போகிறோம், மருந்தில் மாற்றம் வேண்டுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?’ என்று கேட்டுவிடுங்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருப்பவர்களுக்குத் தண்ணீருக்கே அளவு வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ‘நிறையக் குடிங்க’ என்ற பொதுவான அறிவுரை பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. வீடுகளில் இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. வயதான பெண்கள் பலர் பயணத்தன்று வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். போகும் இடத்தில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ, இருந்தாலும் உட்கார்ந்து எழ வசதியாக இருக்குமோ என்ற கவலைதான் காரணம். ‘தாகமே இல்லம்மா’ என்பார்கள். ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது அங்கே சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்பதுதான். அருவியும் காட்சி முனையும் அதற்கு அப்புறம். வழியிலும் ஓர் இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, கிளம்பும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த நிம்மதி வந்துவிட்டால் அவரே பாட்டிலைக் கேட்டு வாங்குவார்.

சின்னவனின் நிலை வேறு. குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு நம்முடையதைவிட அதிகம். எனவே சுற்றிலும் சூடு கூடினால் அவன் உடல் நம்மைவிட வேகமாகச் சூடாகும். வியர்வையும் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகம் என்று நின்று கேட்கவும் மாட்டான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை விளையாட்டை நிறுத்தி இரண்டு மூன்று வாய் குடிக்க வையுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான நீர் உள்ளே போகிறது; அடர் மஞ்சளாக இருந்தால் போதவில்லை. அதிகமாக வியர்த்தவர்களுக்குக் கொடுக்க இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட் பையில் இருக்கட்டும். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவு தண்ணீரிலேயே கரைக்க வேண்டும். நீரைக் குறைத்துக் கெட்டியாகக் கலக்கினால் உப்பு மிகுந்து தீமை செய்யும்.

உடை தளர்வாகவும் முழுக்கையாகவும் இருந்தால் நல்லது. சுற்றிலும் அகன்ற விளிம்புள்ள தொப்பி வேண்டும், ஏனென்றால் முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி காதையும் பின்கழுத்தையும் காப்பதில்லை. சன்ஸ்கிரீன் என்றால் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். வெளியே இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு தடவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரில் நனைந்து எழுந்த பிறகும் மறுபடி தடவ வேண்டும்.

காரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு சுமார் 10 டிகிரி ஏறிவிடும். ஜன்னலைச் சற்று இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அளந்து பார்த்து உறுதியான விஷயம். ‘ஒரு நிமிஷம் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்’ என்று தூங்கும் குழந்தையைக் காரில் விட்டுப் போகவே கூடாது. அத்தையையும்தான். திரும்பி வந்து ஏறும்போது கதவுகளைத் திறந்து வைத்துச் சூட்டை வெளியேற்றிவிட்டு, சீட்டையும் பெல்ட்டின் உலோகக் கொக்கியையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகு பிள்ளையை உட்கார வையுங்கள்.

சரி, எங்கே போவது? ஒன்றரை மணி நேரத் தூரத்துக்குள் மலை இருந்தால் அதற்குத்தான் முதலிடம் தருவேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று சராசரியாக 6 டிகிரிக்கு மேல் குளிரும். அந்தக் குளிர்ச்சியை நம்பித் தொப்பியை மறந்துவிடாதீர்கள், ஏனென்றால் உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர்களும் கூடும். மலை இல்லையென்றால் பெரிய மரங்கள் அடர்ந்த இடம். ஓட்டுக் கூரையும் தகரமும் வெயிலை வாங்கி நம் தலைமேல் சூடாகத் திருப்பிவிடும். மரமோ இலைகள் வழியே நீரை ஆவியாக விட்டுச் சுற்றுக் காற்றையும் குளிர்விக்கும்.

கடற்கரைக்கு எல்லோரும் ஓடுவார்கள். ஆனால் ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை ஆவியாவதில்லை, உடலும் குளிர்வதில்லை. வறண்ட இடத்தின் 37 டிகிரியைவிடப் புழுக்கமான 33 டிகிரி உங்கள் அத்தையை அதிகம் களைக்கச் செய்யலாம். கடல் என்றால் அதிகாலை மட்டும்.

ஆறு, ஏரி, கடல் எதுவானாலும் நீருக்கு அருகே ஒரு விதியைக் கட்டாயமாக்குங்கள். பெரியவர்களில் ஒருவர் கையில் போன் இல்லாமல் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களும் கணவரும் மாறிக்கொள்ளுங்கள், ‘இப்போ நீ பாரு’ என்று வாய்விட்டுச் சொல்லி. நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டுவதில்லை. சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். சின்னவன் எப்போதும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த மிதவைகள் விளையாட்டுப் பொருட்கள்தான், அவை உயிரைக் காக்கும் என்று நம்ப வேண்டாம். ஆற்றில் இன்னொரு ஆபத்து: நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே மலையில் மழை பெய்தாலோ அணையைத் திறந்தாலோ நீர் சட்டென்று உயரும். நீர் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள்.

நாள் முழுவதும் வெளியே இருந்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால், பகலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் வெட்டவெளி. 11 மணிக்கு மேல் அருங்காட்சியகம், கோளரங்கம், நூலகம் போல உள்ளே உட்காரும் இடம். மாலை 5 மணிக்கு மேல் மறுபடி வெளியே. நடுவில் அத்தைக்கு அரை மணி நேரமாவது கால் நீட்டிப் படுக்க இடம் வேண்டும். அது கிடைக்காது என்றால் மாலைப் பகுதியை விட்டுவிடுங்கள்.

உணவு விஷயத்தில் ஒன்று மட்டும். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரம்தான் பாதுகாப்பு. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். காலை உணவை ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள், அல்லது கெடாத உலர் உணவாகவும் முழுப் பழமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் பகல் முழுவதும் கிடந்ததை மணம் பார்த்து, ‘நல்லாத்தான் இருக்கு’ என்று கொடுக்க வேண்டாம். வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பல மணத்தில் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது தலைவலி, குமட்டல், மிகுந்த வியர்வை, தளர்ச்சி வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறி, சிறிது சிறிதாக நீர் கொடுங்கள். பொதுவாக அரை மணி நேரத்தில் தெளிவார்கள். அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது, வீட்டுக்குத் திரும்புங்கள். ஆனால் பேச்சு குழறுகிறது, ஆளை அடையாளம் தெரியவில்லை, வலிப்பு வருகிறது, மயங்கிவிட்டார் என்றால் அது வெப்பத் தாக்கு. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கக்கூடும். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது.

கடைசியாக, வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்த ஞாயிறுகளில் போகாதீர்கள். அத்தைக்கு முதல் நாள் இரவு சரியான தூக்கம் இல்லையென்றாலும் தள்ளிப்போடுங்கள். பிள்ளைகள் ஏமாறாமல் இருக்க மாற்றுத் திட்டம் ஒன்றைச் சனிக்கிழமையே சொல்லி வையுங்கள். இருட்டிய பிறகு பக்கத்தில் உள்ள திறந்தவெளிக்குப் போய்ப் பாய் விரித்து நட்சத்திரம் பார்ப்பதாக இருக்கலாம், அல்லது விளக்கு வெளிச்சம் உள்ள பூங்காவில் ராத்திரிச் சாப்பாடாக இருக்கலாம். வருகிற ஞாயிறு முதல் முயற்சியாக 45 நிமிடத் தூரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, காலை மட்டும் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிப் பாருங்கள். அத்தை களைக்காமல் வீடு வந்து சேர்ந்தால், அடுத்த வாரம் தூரத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.