வரைந்த படம் தளமாக மாறும்போது சாவி யாரிடம் இருக்கிறது?

பவானியில் ஜமக்காளம் விற்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். தம் கடைக்கான இணையதளத்தின் முகப்புப் பக்கத்தையும் ஒரு பொருள் பக்கத்தையும் வடிவமைப்பாளர் ஒருவரிடம் போட்டோஷாப்பில் வரைந்து வாங்கி வைத்திருக்கிறார். அதை ஐந்தே நாளில், இணையதளம் அமைக்கப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளமாக்கித் தருவதாகவும், டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைக்கும் சர்வர் இடம்) எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும், ‘வேர்ட்பிரஸ் லைசென்ஸ்’ கட்டணம் மட்டும் தனி என்றும் ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். படத்தில் உள்ளபடியே தளம் வருமா, விலையையும் புகைப்படங்களையும் பிறகு தாமே மாற்றிக்கொள்ள முடியுமா என்பவையே வாசகரின் கேள்விகள்.

அவர் கேட்காத லைசென்ஸிலிருந்து தொடங்குகிறேன். வேர்ட்பிரஸ் 2003ஆம் ஆண்டு வெளிவந்தது முதல் ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தின் கீழ் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள். அதற்கு உரிமக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. தளத்தின் தோற்றத்தை அமைக்கும் சில தீம்களுக்கும், கூடுதல் வசதி சேர்க்கும் சில பிளகின்களுக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. அப்படியானால் எந்தத் தீம், எந்தப் பிளகின், ஆண்டுக்கு எவ்வளவு, யார் பெயரில் வாங்கப்படுகிறது என்று எழுதித் தரவேண்டும். பொத்தாம்பொதுவாக ‘வேர்ட்பிரஸ் லைசென்ஸ்’ என்று விலைப்பட்டியலில் எழுதுபவர் ஒன்று தொழில் தெரியாதவர், அல்லது உங்களுக்குத் தெரியாது என்பதை நன்றாகத் தெரிந்துகொண்டவர்.

படத்தில் உள்ளபடியே வருமா என்றால், பெரும்பாலும் வரும், ஆனால் படம் எல்லாவற்றையும் சொல்லியிருக்காது. வடிவமைப்பாளர் மூன்று கட்டங்களை வரைந்து மூன்றிலும் ஒரே நீளத்தில் பொருளின் பெயரையும் ஒரே அளவில் புகைப்படத்தையும் வைத்திருப்பார். நாளை நீங்கள் ‘கல்யாண மண்டபத்துக்கான பெரிய அளவு வண்ணக்கோட்டு ஜமக்காளம்’ என்று ஒரு பொருளைச் சேர்த்தால் பெயர் மூன்று வரிக்குப் போகும். அந்தக் கட்டத்தின் பொத்தான் மட்டும் கீழே இறங்கி நிற்கும். புகைப்படம் இல்லாத பொருளும் விலை போடாத பொருளும் எப்படித் தெரியவேண்டும் என்பதும் படத்தில் இருக்காது. கணினித் திரைக்காக 1440 பிக்ஸல் அகலத்தில் வரைந்த ஒன்று 360 பிக்ஸல் அகலமுள்ள கைப்பேசியில் எப்படி மடியவேண்டும் என்பதை வடிவமைப்பாளரே வரைந்து தரவேண்டும். அதைத் தளம் கட்டுபவரின் ஊகத்துக்கு விட்டால், பிறகு யாரையும் குறை சொல்ல முடியாது.

தமிழில் தளம் அமைப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கண்ணி எழுத்துருவில் இருக்கிறது. அச்சுத் தொழிலிலிருந்து வந்த வடிவமைப்பாளர்கள் பலர் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அதை அப்படியே நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் வாசகருக்குப் புரியாத ஆங்கிலக் குப்பைதான் தெரியும். அதைத் தவிர்க்க, சோம்பேறிகள் அந்தத் தலைப்பையே படமாக வெட்டி ஒட்டிவிடுவார்கள். பார்வைக்குக் குறை தெரியாது. ஆனால் கூகுள் அதை உரையாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது, நீங்களும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆகவே, உரை முழுவதும், தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே கோப்பில் சேமிக்கும் யூனிகோடு முறையில் தனிக் கோப்பாக வேண்டும் என்றும், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போல இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருவில் படத்தை ஒருமுறை மாற்றி வரைந்து தரவேண்டும் என்றும் வடிவமைப்பாளரிடம் இப்போதே கேளுங்கள். எழுத்துரு மாறினால் வரிகளின் நீளமும் உயரமும் மாறும். ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளியில் தமிழின் உகரக் கீற்றுகள் அடுத்த வரியோடு முட்டிக்கொள்ளும். அந்தச் சங்கடம் படத்திலேயே தெரிந்துவிடுவது நல்லது.

விலையை நீங்களே மாற்றுவது, தளத்தை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சரியாகக் கட்டுபவர் ‘பொருள்’ என்று தனி வகை ஒன்றை உருவாக்கி, பெயர், அளவு, நிறம், விலை, புகைப்படம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் வைப்பார். நீங்கள் படிவம் நிரப்புவதுபோல் நிரப்பினால் வடிவமைப்பு தானாக அமையும். ஏமாற்றுபவர் படத்தை ஒரே நீண்ட நிரலாக எழுதி, விலையையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே புதைத்து, மேலே வேர்ட்பிரஸ் போர்வையைப் போர்த்திவிடுவார். கேட்டால் ‘வேர்ட்பிரஸில்தானே இருக்கிறது’ என்பார்; அது பொய்யும் இல்லை. பகுதிகளை இழுத்து வைத்துப் பக்கம் அமைக்கும் பேஜ் பில்டர் பிளகின்களை நான் பரிந்துரைப்பதில்லை. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு முதல் வேர்ட்பிரஸிலேயே, பத்தி, படம் என்று துண்டுதுண்டாகப் பக்கம் அமைக்கும் பிளாக் எடிட்டர் இருக்கிறது. ஒரு கடைக்கு அது போதும். கட்டணத் தீம்களைத் திருட்டுப் பிரதியாக, ‘நல்டு’ என்ற பெயரில் போட்டுத் தருபவர்களிடம் நெருங்கவே வேண்டாம். அவற்றில், பிறர் ரகசியமாக உள்ளே நுழைய உதவும் பின்வாசல் நிரல் ஒளிந்திருப்பது வழக்கம். கூகுள் வழியாக வரும் வாடிக்கையாளர் மட்டும் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிடப்படலாம். முகவரியை நேரடியாகத் தட்டித் திறக்கும் உங்களுக்கு எல்லாம் சரியாகவே தெரியும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். உங்கள் கடையில் பத்துப் பன்னிரண்டு வகைகள்தான் இருக்கின்றன, விலையைத் தளத்தில் போடப்போவதில்லை, வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் கேட்டுக்கொள்வார் என்றால் உங்களுக்கு வேர்ட்பிரஸே வேண்டாம். பின்னால் மென்பொருள் எதுவும் இல்லாத, வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் நான்கைந்து போதும். அவற்றுக்குத் தகவல்களைச் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸ் தேவையில்லை, மாதந்தோறும் பிளகின்களைப் புதுப்பிக்கும் வேலையில்லை, உடைத்து நுழைய நிர்வாகப் பக்கமும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது மாற்றவேண்டி வந்தால் யாரிடமாவது சிறு கூலி கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாதத்துக்கு ஒருமுறையாவது எதையாவது மாற்றுவீர்களா என்று உங்களையே நேர்மையாகக் கேட்டுப்பாருங்கள். ‘மாற்றலாம், நேரம் கிடைத்தால்’ என்பது பதிலானால் மாற்றப்போவதில்லை என்றே பொருள். உங்களுக்கு விலை சொன்னவர் இந்த வழியைச் சொல்லமாட்டார், ஏனெனில் ஆண்டுதோறும் வாங்கும் பராமரிப்புக் கட்டணத்துக்கு இதில் இடமில்லை.

எந்த வழியில் கட்டினாலும், ‘டொமைன், ஹோஸ்டிங் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்பதற்கு இசையாதீர்கள். டொமைன் யார் கணக்கில், யார் மின்னஞ்சலில் பதிவாகிறதோ, நடைமுறையில் அது அவருடையது. பணம் யார் கொடுத்தார் என்று டொமைனைப் பதிந்து தரும் நிறுவனமான பதிவாளர் பார்ப்பதில்லை. மனக்கசப்பு வந்தால் வேறிடம் மாற்றுவதற்கான குறியீடு அவரிடம்தான் இருக்கும். அவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். உங்கள் பெயரில்தான் பதிந்திருக்கிறாரா என்று டொமைன் உரிமையாளர் விவரங்களைக் காட்டும் ஹூயிஸ் பதிவில் சரிபார்க்கலாம் என்றால், 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்ததிலிருந்து உரிமையாளர் விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டன. நேர்மையானவர்களின் முகவரியைக் காக்க வந்த ஏற்பாடு இடைத்தரகர்களுக்குத் திரையாகிவிட்டது; இதைப் பதிவாளர்களிடம் சொன்னால் ‘அது எங்கள் கொள்கை’ என்ற வார்ப்பு மின்னஞ்சல் ஒன்று வரும். ஆகையால் டொமைனையும் ஹோஸ்டிங்கையும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில் நீங்களே வாங்குங்கள். அரை மணி நேர வேலைதான். தளம் கட்டுபவருக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தால் போதும்.

ஐந்து நாள் என்பது கெடு சொல்லும் வித்தை. உரையும் புகைப்படங்களும் உங்களிடமிருந்து போய்ச் சேரவே அதற்குமேல் ஆகும். தொகையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தளம் முடிந்தது என்று சொல்லும் நாளில், நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லையும் கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டின் முழுப் பிரதியையும் வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் கைப்பேசியில் எடுத்த புகைப்படத்துடன் புதுப் பொருள் ஒன்றை அவர் உதவியின்றி நீங்களே சேர்த்துப் பாருங்கள். ஒரு விலையை மாற்றுங்கள், பக்கத்தின் அடியில் உள்ள தொலைபேசி எண்ணை மாற்றுங்கள். கடைசியாக, அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதியைத் திறந்து, தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிடவேண்டாம் என்ற பெட்டியில் குறி இருக்கிறதா என்று பாருங்கள். கட்டும் காலத்தில் போட்ட அந்தக் குறியை எடுக்க மறந்துவிட்டு, கூகுளில் கடை வரவில்லையே என்று கேட்பவர்களிடம் தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் எஸ்இஓ வேலைக்கென்று கட்டணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். குறியை எடுத்துவிட்டுச் சேமித்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.